கதவுக்கு ஒரு தாம்பாளம்

2005 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீருக்கு அன்று முறை. தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து வால்வை அடைத்தேன். சர்ச்சில் ஆறரை மணிப் பூசைக்கு நானும் மனைவியும் நடந்தே போய்வந்தோம். திரும்பும்போது செகந்திராபாத் மாரெட்பள்ளி மார்க்கெட்டில் அரைக் கிலோ கொத்துக்கறியும் கொத்தமல்லியும் நாளிதழும் வாங்கினோம். இட்லி சாப்பிட்டேன். மற்ற நாட்களில் இந்நேரம் ராமச்சந்திராபுரம் போகும் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பேன். அன்று பழைய பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு ஸ்க்ரூடிரைவருடன் வீட்டு முற்றத்தில் நின்ற எங்கள் காரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அது பதினைந்து வயதான சிறிய வெள்ளைக் கார். என்னோடு வேலை பார்த்தவர் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பியபோது அவரிடம் வாங்கியது. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மறுநாள் திங்கட்கிழமைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். டிரைவர் பக்கக் கதவின் அடியில் துருப்பிடித்து ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டைக் கதவோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். டிங்கரிங் கடையிலோ இரண்டு வாரம் தவணை கேட்டார்கள்.

எனக்கு கார் ஓட்டுவது பிடிக்காது. நகரத்தில் பாதிப் பேருக்குத் திடீரென்று கார் வந்துவிட்ட ஆண்டுகள் அவை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்த கார் என் மனைவியுடையது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் திருமலகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாற்பத்து மூன்று வயதில் லைசென்ஸ் எடுத்தாள். கோடை விடுமுறை முழுவதும் ஓட்டினாள். ஆனால் பக்கத்து சீட்டில் நானோ அவளுடைய அண்ணனோ எப்போதும் உட்கார்ந்திருந்தோம். நான் உட்கார்ந்தால் தரையை மிதித்து பிரேக் போடுவேன். அவர் உட்கார்ந்தால் ஜெபமாலையை வெளியே எடுப்பார். புதன்கிழமை பள்ளி திறக்கிறது. அன்று யாரும் கூட வராமல் தானே ஓட்டிக்கொண்டு போவது என்று அவள் தீர்மானித்திருந்தாள். திங்களன்று கார் தேறினால்தான் அது நடக்கும். தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளுடைய அண்ணன் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டார். பழைய இரும்பு வாங்கும் ஒருவரைத் திங்கள் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்.

நான் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். என் வேலை குறை கண்டுபிடிப்பது. சரிசெய்வது வேறு பிரிவு. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

துரு என்பது கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். பெயிண்டுக்கு அடியில் அது எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு ‘டங்’ என்னும். கெட்ட தகடு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடும். நான் தட்டினேன். உள்ளே போனது. அதன் பக்கத்தில் தட்டினேன். அதுவும் போனது. நல்ல தகடு கிடைக்கும்வரை நிறுத்தக்கூடாது என்பது எங்கள் பிரிவின் சட்டம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் நாலு பக்கமும் பளிச்சென்று இரும்பு தெரிந்தபோது மிகவும் திருப்தியாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு முழுமையாக நான் எதையும் பரிசோதித்ததில்லை.

மனைவி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“காலைல ஒரு ரூபா காசு போற மாதிரி இருந்துச்சு. இப்ப பூனை போகும்போல இருக்கேங்க.”

இதுதான் உண்மையான ஓட்டை, காலையில் பார்த்தது அதன் அறிகுறி மட்டும் என்று விளக்கினேன். அவள் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஓட்டையை அடைக்க ஒரு எண்ணெய் டின்னை வெட்டித் தயாராக வைத்திருந்தேன். அது காசு அளவு ஓட்டைக்குச் செய்த ஏற்பாடு. இந்த அளவுக்கு அதை வைத்து விரலால் அழுத்தியதும் ‘டப்’ என்று உள்வாங்கியது. விரலை எடுத்ததும் ‘டப்’ என்று வெளியே வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், கதவைச் சாத்தும்போதெல்லாம் டப்பா சத்தம் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்ன சொல்லும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை ராணிகஞ்சில் இரும்புக் கடைகள் திறந்திருக்காது. கதவுத் தகட்டின் கனத்தை வெர்னியர் இடுக்கியால் அளந்தேன். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே வெர்னியரோடு சமையலறைக்குள் போனேன்.

அதன்பின் அரை மணி நேரம் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அத்தனையையும் அளந்தேன். பெரும்பாலான தட்டுகளுக்கு விளிம்பு மடித்திருப்பதால் சரியான அளவு கிடைக்கவில்லை. டிபன் கேரியர் மூடி மெல்லியது. குக்கர் மூடி கனமானது. அதை நான் அளந்தபோது மனைவி என் கையிலிருந்து பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டாள். கடைசியில் பரணில், நாளிதழில் சுற்றிய ஒரு தாம்பாளம் கிடைத்தது. எவர்சில்வர், விளிம்பு மடிக்காதது, கதவின் அடிப்பாகம் போலவே லேசான வளைவு, அளவு இம்மி பிசகவில்லை. “இதை எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டேன். அவள் கொத்துக்கறியைக் கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், எடுத்துக்கொள்ளச் சொன்னாள். திருகாணிகளைப் போட்டுவைக்கக் கேட்கிறேன் என்று அவள் நினைத்தாளாம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்தத் தாம்பாளம் எங்கள் கல்யாணத்துக்கு என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், கொடுத்தது. பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் பலரும் விளிம்பில் பொடி எழுத்தில் முடித்துக்கொள்வார்கள். அவர் நட்ட நடுவில் வெட்டச் சொல்லியிருந்தார். ‘அன்பளிப்பு’ என்ற வார்த்தை, அவருடைய முழுப்பெயர், பி.ஏ. என்ற பட்டம், அதற்குக் கீழே ரயில்வே, செகந்திராபாத். எழுத்துகள் உள்ளே போகும்படி தகட்டைத் திருப்பி வைக்க முடியுமா என்று யோசித்தேன். வளைவு ஒத்துவரவில்லை. எப்படியும் மேலே மேடுபள்ளம் நிரவும் பட்டி தடவி பெயிண்ட் அடிக்கப் போகிறோம். எவர்சில்வரை வெட்டக் கை நோகும். கை டிரில்லால் துளை போட இன்னும் நோகும். இரண்டு பிட்டு முனை மழுங்கின. மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குள் கதவில் தாம்பாளத்தின் ஒரு பாதியை வைத்துச் சுற்றிலும் ரிவெட் அடித்து முடித்தேன். தட்டினால் ‘டங்’ என்றது.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி கதவைப் பார்த்தாள். தரையில் கிடந்த மறுபாதியைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கணக்கு டீச்சர் குரல் வரும். மிகவும் கோபம் வந்தால் அதுகூட வராது. அவள் தரையில் கிடந்த பாதியைக் கையில் எடுத்த நேரத்தில் வாசல் கேட் திறந்தது. மச்சான்.

அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் ஊர் உருது கலந்துதான் வரும்: ஏன் என்பதற்கு ‘கைக்கு’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’. பழைய இரும்புக்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

“கைக்கு மாப்ளே இந்த வெயில்ல? நாளைக்குப் போற வண்டிக்கு இன்னிக்கு மேக்கப்பா?”

பேசிக்கொண்டே குனிந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கதவில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

“பி.ஏ. ரயில்வே, செகந்திராபாத்.” நிமிர்ந்தார். “பேரு எங்கே மாப்ளே?”

பெயர் இருந்த பாதி அவருடைய தங்கையின் கையில் இருந்தது.

“ஹவ். பேரை வெட்டிப் போட்டுட்டு, படிப்பை மட்டும் ஆணி அடிச்சு வெச்சிருக்கே.”

“ரிவெட், மச்சான்” என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆணி வேறு, ரிவெட் வேறு.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார். அந்தத் தாம்பாளத்தை வாங்க எத்தனை கடை ஏறி இறங்கினார், கனம் பார்த்து எப்படிப் பொறுக்கி எடுத்தார் என்பதையெல்லாம் சொன்னார். கனத்தைப் பொறுத்தவரை அவருடைய தேர்வு அருமையானது என்பதற்கு என்னிடம் அளவு இருந்தது, சொல்லவில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தார். இந்த காரே வேண்டாம். ரோட்டில் சாஃப்ட்வேர் கம்பெனி டாக்ஸிகள் வெறி பிடித்த மாதிரி ஓடுகின்றன. மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆட்டோ பேசிவிடலாம்.

“நக்கோ பாப்பா. உனக்குக் கைக்கு இந்தத் தலைவலி?”

கையில் பாதித் தாம்பாளத்தோடு நின்றவள் என்னைத் திட்டப்போகிறாள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

“அண்ணா, இதை நீ யாருக்குக் குடுத்தே?”

“உனக்குத்தான்.”

“எனக்குக் குடுத்த சாமான். பத்தொன்பது வருஷமா பரண்ல தூங்குச்சு. இப்ப என் வண்டிக்கு வேணும், போட்டுக்கிட்டேன். அந்த ஆளை வரவேணாம்னு சொல்லிடு.”

“பாஸ் ஆகலேன்னா?”

“ஆகலேன்னா நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் என் வண்டிய இரும்புன்னு சொல்லாதே.”

அவள் போட்டுக்கொண்டாளாம். மழுங்கிய பிட்டுகள் என் கால்சட்டைப் பையில் இருந்தன. ஆனால் அந்த நேரத்தில் உரிமை கோருவது புத்திசாலித்தனம் இல்லை என்று எனக்குப் பட்டது.

மச்சான் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார், கொத்துக்கறியும் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பட்டத்தின் மேல் முதல் பூச்சைத் தானே போடுவதாகச் சொன்னார். அந்நியன் கையால் போக வேண்டாமாம். எவர்சில்வரில் பட்டி பிடிக்காது. உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்க வேண்டும். அவரே தேய்த்தார். ‘ரயில்வே’ மேல் கொஞ்சம் தயங்கினார். பட்டி காய்ந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். பிறகு நாளிதழையும் டேப்பையும் சுற்றிலும் ஒட்டிவிட்டு, பிரைமரும் டப்பா ஸ்ப்ரேயில் வெள்ளையும் அடித்தோம். எங்கள் வெள்ளை புதுச் சட்டை மாதிரி இருந்தது. காரின் வெள்ளை பலமுறை துவைத்த பனியன் மாதிரி இருந்தது.

சாயங்காலம் மழை வந்துவிட்டது. பெயிண்ட் காயவில்லை. நானும் மச்சானும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து, கதவின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துக்கொண்டு நின்றோம். ஷீட் கதவுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. மனைவி இடப்பக்கக் கதவு வழியாக உள்ளே ஏறி, நனையாமல், டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். என்ஜின் ஓடவில்லை, ஆனால் கிளட்ச்சை மிதித்து கியர் மாற்றுவதும், கண்ணாடியைப் பார்ப்பதும், இண்டிகேட்டர் போடுவதுமாக இருந்தாள். எந்த ரோட்டில் போகிறாள் என்று கவனித்தால் தெரிந்தது. ரயில்வே கேட், வளைவு, மேடு, அப்புறம் பள்ளிக்கூடம்.

“எங்கே போறா மாப்ளே?” என்று மச்சான் கேட்டார்.

“ஸ்கூலுக்கு.”

“யாரும் கூட இல்லாமயா?”

பக்கத்து சீட்டைக் காட்டினேன். அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது. அவர் தலையிலிருந்து வழிந்த தண்ணீரை ஒரு கையால் துடைத்தார். மறுகையில் ஷீட்டின் நுனியை விடவில்லை.

அந்த கார் அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் எங்களோடு இருந்தது. தாம்பாளம் வைத்த இடம் கடைசிவரை துருப்பிடிக்கவே இல்லை. அதைச் சுற்றியிருந்த தகடுதான் வேகமாகப் போனது. எவர்சில்வரோடு சாதாரண இரும்பைச் சேர்த்தால் அப்படித்தான் ஆகும்; அது தெரிந்த தொழிலில்தான் நான் இருந்தேன்.

இரவு மழை விட்ட பிறகு மறுநாள் ஏற்பாட்டைப் பேசினோம். நான் லீவு சொல்லியாயிற்று. மச்சான் எட்டு மணிக்கு வருவார். அவள் ஓட்டுவாள்; பக்கத்து சீட்டில் அவர், பின் சீட்டில் காகிதங்களோடு நான். கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது என்பதில் எங்களுக்குள் சற்று இழுபறி. மனைவி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் முதலில் செய்தது சட்டைக்கு இஸ்திரி போட்டது. ஒரு கையை முடித்து மறுகையைத் திருப்பும்போது முற்றத்தில் என்ஜின் சத்தம் கேட்டது. மேஜையில் வைத்திருந்த, காரின் காகிதங்கள் அடங்கிய உறை இல்லை. பனியனோடு வராந்தாவுக்கு ஓடினேன். கார் பின்னால் நகர்ந்து, ஒரு தடவை நின்று, நேராகி, கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்ட மச்சான், ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். அவள் ஒரு சின்ன ஹார்ன் அடித்தாள். நேற்று ஒட்டிய நாளிதழில் ஒரு துண்டு கதவிலிருந்து உரியாமல் படபடத்துக்கொண்டே போனது.