ஹப்பும் மேலதிகாரியும்

இன்று காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

மலையேறும் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஹப், அதாவது மிதியின் விசையைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் நடுக்குடம், வாங்க நான் மாதக்கணக்கில் யோசித்தது உங்களுக்குத் தெரியும். மிதித்த நொடியே சக்கரத்தைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். கல்பாக்கத்து உப்புக்காற்றைத் தாங்க வேண்டும். வீட்டிலேயே கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்க வசதியாக இருக்க வேண்டும். கடைசியில் அப்படி ஒன்றை வாங்கி மாட்டியும் விட்டேன்.

என் மேலதிகாரி சிரித்தார். "கழட்டவே தேவையில்லாத ஹப் வந்தாச்சுய்யா. என்னுதைப் பாரு."

கடற்கரைக்குப் போய் வந்தால் போதும், கார் கழுவும் குழாயால் சைக்கிளைப் பீய்ச்சிக் கழுவுவார். ஹப்புக்குள் தண்ணீர் போய்த் துருப்பிடிக்கும் என்றேன். என் பேச்சை அவர் என்றைக்குக் கேட்டார்?

இன்று இருவரும் திருக்கழுக்குன்றம் அடிவாரத்து மண்மேட்டில் ஏறினோம். மிதித்த மிதிக்கெல்லாம் என் சக்கரம் சட்சட்டென்று பிடித்தது. மேடு முடியும்வரை நான் காலை ஊன்றவே இல்லை!

திரும்பிப் பார்த்தால், சார் மிதிக்கிறார், பெடல் மட்டும் சும்மா சுற்றுகிறது; துருவேறிய ஹப் சக்கரத்தைப் பிடிக்கவே இல்லை.

மேட்டுக்குக் கீழே இருந்த டீக்கடைக்காரர் கத்தினார்: "இன்னா சார், மெதிச்சிகினே கீற, வண்டி நவுரவே மாட்டேங்குது?"

சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தார். என் ஹப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் பிடிக்குது. என்னுதையும் கழட்டிச் சரிபண்ணிக் கொடேன்யா."

"பார்க்கலாம் சார்" என்றேன்.

பதவி உயர்வைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் அவர் சொல்லும் பதில் அது.

கிரீஸ் டப்பா கையில்தான் இருக்கிறது. எவ்வளவு நாள் காக்க வைக்கலாம், சொல்லுங்கள் நண்பர்களே!