டொக்கு அக்கா

வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் அந்த நிறுவனத்தில், மூன்றாம் மாடிக் கோடியில் கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதற்குள் சிரித்துக்கொண்டு போய், காதைத் தடவிக்கொண்டு வெளியே வருவார்கள். உள்ளே இருப்பவள் யாரையும் திட்டியதில்லை. எதிரே உட்காரவைத்து ஆங்கிலத்தில் பேசச் சொல்வாள். தப்பு வந்த இடத்தில் பேனாவைத் தலைகீழாகப் பிடித்து மேசையில் ஒரு அடி. டொக். என்ன தப்பு என்று அவள் சொல்லமாட்டாள். பேசியவரே வந்த வழியில் திரும்பிப் போய், தேடிப் பிடித்து, சரியாகச் சொல்லவேண்டும். அதுவரை பேனா அந்தரத்தில் நிற்கும்.

அதனால்தான் டொக்கு அக்கா என்று பெயர்.

“உள்ள போனியே, என்னடி ஆச்சு?” என்று கேன்டீனில் ஒருத்தி கேட்பாள்.

“மரங்கொத்திகிட்ட மாட்டின மரம் ஆயிட்டேன். உடம்பெல்லாம் ஓட்டை.”

இதெல்லாம் அவள் காதிலும் விழும். கண்டுகொள்ளமாட்டாள். உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது.

அடி பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழும். ‘எனக்கு விளக்குங்க’ என்று பழகிய வாய்க்கு ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்றுதான் வரும். டொக். ‘டெல் மீ’ சரி, இது மட்டும் ஏன் கூடாது என்று கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. நடுவில் ஒரு ‘டு’ வேண்டும், அவ்வளவுதான். ‘டர்ன் ஆஃப் இட்’ என்றால் டொக். அந்த ‘இட்’ நடுவில் போய் உட்காரவேண்டும். ‘டிட் யூ லைக்?’ என்று நிறுத்தினாலும் டொக்.

“பிடிச்சிருக்கான்னு கேட்டா எதுன்னு எதிராளிக்குத் தெரியாதாக்கா?” என்று ஒரு பையன் ஒருமுறை மல்லுக்கு நின்றான்.

“தெரியும். இருந்தாலும் சொல்லணும்.”

அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்துத் தேறியவள். அங்கே ஒருநாள் ஒரு நோயாளியிடம் ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ யுவர் பெயின்’ என்றாள். காத்திருந்த வரிசை முழுக்கச் சிரித்தது. வலித்துக்கொண்டிருந்த நோயாளியும் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்ன தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. சிரிப்பதைவிடத் தட்டுவது மேல் என்று அன்று அவள் மனதில் விழுந்தது. பிறகு அதை அவள் சந்தேகித்ததே இல்லை.

அவள் வீட்டுக்காரர் பார்சல் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். இடுப்பு போய்விட்டது. இனிக் குனிந்து எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அவரிடம் மிச்சம் இருந்தது வாய்தான். அது தாராளமாகவே இருந்தது. அவர் தன் அக்காவோடு போனில் பேசினால் அடுத்த வீட்டுக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

“உன் ஆபீஸ்லயே சேத்துவிடேம்மா,” என்றாள் அந்த நாத்தனார். “உக்காந்த இடத்துல பேசற வேலை. அவனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

“இங்கிலீஷ் வேணுமே அண்ணி.”

“பின்ன நீ எதுக்கு இருக்க?”

அப்படித்தான் சாப்பாட்டு மேசை வகுப்பறை ஆனது. வீட்டில் பேனாவுக்குப் பதில் கரண்டி.

“டிட் யூ லைக்?” என்பார், தட்டை அவள் பக்கம் நகர்த்தியபடி. டொக். உடனே வாசலைப் பார்த்து, “யாருங்க அது, கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க!” என்று குரல் கொடுப்பார்.

அவளுக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வாள். சிரித்தால் பாடம் கெட்டுவிடும். கரண்டி அந்தரத்தில் நிற்கும். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, “டிட் யூ லைக் இட்,” என்று சொல்லிச் சோற்றைப் பிசைவார்.

நாளாக ஆக வாசலைப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். தப்புகளும் குறைந்தன. பேசும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கத் தொடங்கினார். கவனம் வந்துவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வேலைக்கான தேர்வு வேறொரு கிளையில் நடந்தது. எழுத்து இல்லை, பேச்சு மட்டும்தான். பதிவான குரல்கள் பெயரில்லாமல் அவள் இருந்த தலைமை அலுவலகத்துக்கு வரும். கேட்டு மதிப்பிட அங்கே சிலர் இருந்தார்கள், அவளும் ஒருத்தி. தெரிந்த குரல் என்றால் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு, அந்தப் பதிவைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடவேண்டும். அதுதான் விதி.

காதில் மாட்டியதும் ‘குட் மார்னிங்’ என்றது அவர் குரல்.

அவள் கையைத் தூக்கவில்லை. கொஞ்சம் கேட்போம், நன்றாகப் பேசினால் ‘எங்க வீட்டுக்காரர்’ என்று பெருமையாகவே கொடுக்கலாம் என்று நினைத்தாள்.

“ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன்,” என்றார். நின்றார். “இட்.” நின்றார். “டு யூ.”

சரியான வாக்கியம். அடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு வினைச்சொல்லுக்குப் பின்னாலும் ஓர் இடைவெளி. ஒரு கரண்டி மேலிருந்து இறங்கி மேசையைத் தொடும் நேரம். அடி விழவில்லை என்று நிச்சயமான பிறகுதான் அடுத்த சொல் வந்தது. கேள்வி கேட்டவர் நடுவில், “ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டார். வாடிக்கையாளராக இருந்தால் எப்போதோ போனை வைத்திருப்பார்.

தேடிப் பார்த்தாள். ஒரு தப்புகூட இல்லை. தன் ஆள்காட்டி விரல் மேசைமேல் உயர்ந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரி இளகிய மனசு. தள்ளிவிட்டால் ஒருவேளை பாஸ் போட்டுவிடுவாள். ஆனால் போன வாரம் இதேபோல் திக்கிய குரல் ஒன்றைக் கேட்டுவிட்டு அவள், “ஐயோ பாவம், யாரோ அடிச்சு அடிச்சுப் பழக்கியிருக்காங்கப்பா,” என்று அறை முழுக்கக் கேட்கச் சொல்லியிருந்தாள். இந்தக் குரலுக்கும் அதைத்தான் சொல்வாள். சொல்லிவிட்டு, யார் வீட்டுக்காரர் என்றும் தெரிந்துகொள்வாள்.

டொக்கு அக்கா விரலைக் கீழே இறக்கினாள். ‘தப்பு இல்லை, தயக்கம் அதிகம், தகுதியில்லை’ என்று தானே பதிந்துவிட்டு அடுத்த குரலைத் திறந்தாள்.

அடுத்த வாரம் ஒரு மாலை, அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

“கிடைக்கல,” என்றார்.

“ஏனாம்?” என்றபடி, அவர் எடுத்துவைத்திருந்த தட்டின் முன் எதிரே உட்கார்ந்தாள்.

“தப்பே இல்லையாம். நிறுத்தி நிறுத்திப் பேசறேனாம்.” இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “கேட்டது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“பேர் வராதுங்க. யார் யாரோ கேப்பாங்க.”

“உன்கிட்ட வந்திருந்தா...” என்று தொடங்கினார்.

போன் அடித்தது. அவருடைய அக்கா. எடுத்த எடுப்பிலேயே அவள் குரல் மேசைவரை கேட்டது. “என்னடா ஆச்சு? ஸ்வீட் எப்போ?”

“அக்கா, அந்த வேலை...” நின்றார்.

“வேலைக்கு என்னடா? சொல்லித் தொலை!”

“வேலை...”

தமிழ்தான். பிறந்ததிலிருந்து பேசிவந்த அக்காதான். அவர் கண் மனைவியின் தட்டோரம் போய் நின்றது. அங்கே கரண்டி இல்லை. அவள் ஏற்கெனவே அதை எடுத்து, இரண்டு கையாலும் மடியில் அழுத்தி வைத்திருந்தாள். அவர் அந்த வெறும் இடத்தைப் பார்த்தபடி காத்துக்கொண்டே இருந்தார்.