தடுக்கும் சொற்களும் தனத்தின் கடிதமும்

நேற்று பாடாலூர் தாண்டி பஸ் நின்றுவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண் ஏதோ பரீட்சைக்காகக் கைபேசியைப் பார்த்து ஆங்கிலச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இம்பீட், தடுத்தல். ஹிண்டர், தடுத்தல். எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்! திருத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். மெஷின் எண்ணெயும் கார்பன் தாளும் கலந்த பழைய வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். மெஷின் துடைப்பேன், தபால் வாங்கி வைப்பேன். ஊரில் மட்டும் டீச்சர் என்று சொல்லிக்கொண்டேன். என் வயதுத் தோழி தனம், பூலாம்பாடியிலிருந்து டைப் படிக்க வருவாள். சர்க்கார் வேலைக்கு இருவரும் சேர்ந்தே பரீட்சை எழுதினோம். அதற்காக அங்கே கிடந்த, அட்டை போன அகராதியைப் புரட்டுவோம். ஒவ்வொரு சொல்லும் பிறந்த கதை அதில் இருக்கும். இம்பீட், காலைத் தளையில் மாட்டுவது. அப்ஸ்ட்ரக்ட், எதிரே கட்டியெழுப்புவது. ப்ரிவென்ட், முந்தி வந்து நிற்பது. ஹிண்டர், பின்னுக்கே நிறுத்தி வைப்பது.

"எங்கண்ணன் இந்த நாலையும் ஒரே நாள்ல செய்யும்டி" என்று தனம் சிரிப்பாள். வீட்டுக்கு வந்தால் அண்ணன் கிழித்துவிடுவார் என்றுதான் தன் கடிதங்களுக்கு இன்ஸ்டிடியூட் முகவரியைக் கொடுத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை அவளுக்குச் சர்க்கார் உறை வந்தது. எனக்கு வரவில்லை. டீ கிளாஸ் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தேன். திங்கட்கிழமை திருச்சியில் நேர்முகத் தேர்வு. திரும்ப ஒட்டி, மெஷின் உறைக்கு அடியில் வைத்தேன்.

"லெட்டர் ஏதும் வந்துச்சாடி?"

"இன்னும் வரலடி."

வெள்ளியும் கேட்டாள், சனியும் கேட்டாள். பொறாமைதான், வேறு பெயர் வைக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை, இப்போதுதான் வந்தது என்று கொடுத்தேன். தபால்காரரைத் திட்டித் திட்டி என் தோளில் சாய்ந்து அழுதாள். உறை மேலிருந்த தபால் முத்திரைத் தேதியை அவள் பார்க்கவில்லை. பார்த்திருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன். வைகாசியில் அண்ணன் அவளைத் திருமானூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்.

அந்த இன்ஸ்டிடியூட் இப்போது இல்லை, மெஷின்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை திருமானூர் பஸ் ஏறி, அரியலூரிலேயே இறங்கித் திரும்பியிருக்கிறேன். போன தையில்தான் கடைசிவரை போனேன். வாசலில் நின்ற அவள் மகளிடம் என் பெயரைச் சொன்னேன்.

"பெரம்பலூர்ப் பெரியம்மாங்களா? அம்மா தவறிப்போயி ஒரு மாசம் ஆச்சுங்க. உள்ள வாங்க. ஒங்க பேரத்தாங்க எனக்கு வச்சாங்க."