ஜீப்பில் ஏறிய நாவல்

பள்ளி நூலகத்துக்கு இருபது புத்தகம் கேட்டு எழுதியிருந்தோம். கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் இருபதும் ஒரே நாவல். திருப்பி அனுப்பிவிடலாம் என்றார்கள். அனுப்பினால் அதுவும் வராது, இதுவும் போய்விடும் என்று சொல்லி, கட்டைத் தூக்கிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனேன்.

சக்குபள்ளம் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் அரசுப் பள்ளி எங்களுடையது. மற்றதெல்லாம் மலையாள வகுப்பு. எட்டாம் வகுப்பில் ஒரு பிரிவு மட்டும் தமிழ், அதில் பதினாறு பிள்ளைகள். எல்லாருமே தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் மக்கள். நான் அவர்களுக்குத் தமிழ் டீச்சர். எனக்குக் கோபம் வரும். வந்தால் மறைக்கத் தெரியாது. பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது, மற்ற ஆசிரியர்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

எனக்கு அதிகம் கோபம் வருவது சொற்பொருள் பாடத்தில். 'பரிதவிப்பு என்றால் என்ன?' என்று கேட்டால் 'மிக்க துயரம்' என்று பதினாறு பேரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. 'சரி, நீ எப்ப பரிதவிச்ச?' என்று கேட்டால் வாய் மூடிவிடும். அது வார்த்தை கற்றதாகுமா? வாயில் போட்ட ஏலக்காயைக் கடிக்காமல் துப்புகிற வேலை.

அதனால் நாவலைக் கையில் எடுத்ததும் ஒரு சட்டம் போட்டேன். புது வார்த்தை எது வந்தாலும் பொருள் எழுத வேண்டாம். பள்ளிக்கு வெளியே யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும். கேட்டவர் பதிலுக்கு என்ன சொன்னார் என்று மறுநாள் வகுப்பில் வந்து சொல்ல வேண்டும்.

அடுத்த வாரமே ஒரு அம்மா பள்ளிக்கு வந்து நின்றார்.

"டீச்சர், எம் மக பக்கத்து லயத்து வீட்டுக்காரியப் பாத்து 'ஒங்களுக்கு ரொம்ப இறுமாப்பு'ன்னுட்டு வந்துட்டா. அவளுக்கு அது என்ன வார்த்தைன்னு அன்னைக்கி வெளங்கல. யாரு யாருகிட்டயோ கேட்டுட்டு இன்னைக்கி காலையில சண்டைக்கி வாரா."

"இறுமாப்பு உண்டா அவங்களுக்கு?"

அந்த அம்மா சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அது உண்டு டீச்சர்."

"அப்ப உங்க மகளுக்கு முழு மார்க்."

நாவல் ஒரு ரயில்வே கேட் காவலரின் கதை. எங்கள் ஜில்லாவில் தண்டவாளமே கிடையாது. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ரயில் ஏறியதில்லை. "கேட்டுன்னா நம்ம செக்போஸ்ட்டு மாதிரியா டீச்சர்? ரயிலு டிரைவரு எறங்கி வந்து பேப்பரு காட்டுவாரா?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு நாள் ரயிலை வரைந்து காட்டுவதிலேயே போனது. நான் வரைந்தது பாம்பு போல இருந்தது என்பதில் வகுப்புக்கு ஒருமித்த கருத்து.

கதையின் நடுவில் ஒரு கட்டம். காவலரின் மகளுக்குப் பிரசவ வலி. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். கேட் மூடியிருக்கிறது. ரயில் வருகிற நேரம், ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் ரயிலைக் காணோம். மருமகன் கெஞ்சுகிறான். காவலர் திறக்கவில்லை. பிள்ளை ஆட்டோவிலேயே பிறக்கிறது. தாயும் பிள்ளையும் பிழைத்துவிடுகிறார்கள். ஆனால் மகள் அதன்பிறகு அப்பாவோடு பேசுவதில்லை.

அவர் செய்தது சரியா? இதை வைத்துப் பிள்ளைகள் விவாதிக்க வேண்டும். நான் கேள்வியைக் கேட்டேன். முன் பெஞ்சுப் பெண் எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் தோத்திரம். அந்த ஐயா செஞ்சது சரிதான்னு நான் சாட்சி சொல்லுதேன்."

வகுப்பு முழுவதும், "ஆமென்."

அடுத்தவள் எழுந்தாள். "அக்கா சொன்னதுதான் என் சாட்சியும்."

"ஆமென்."

இப்படியே பதினாறு சாட்சி. இந்துப் பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து ஆமென் போட்டார்கள். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நானும் சபையில் வளர்ந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்கிற நேரத்தில் ஒருத்தர் எழுந்து நின்று மனதில் உள்ளதைச் சொல்வார், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். அங்கே யாரும் எழுந்து 'நீங்க சொல்றது தப்பு' என்று சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது. பிள்ளைகளுக்கு நாலு பேர் முன்னால் பேசுவது என்றால் அது ஒன்றுதான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் வாசலில் நின்றார். கொல்லங்கோட்டுக்காரர். பேச்சில் மரியாதை குறையாது, ஆனால் வந்த வேலையை முடிக்காமல் போக மாட்டார்.

"ஏனுங்க டீச்சர், ஜெபக் கூட்டமுங்களா?"

"விவாதம் சார்."

"கேட்டா அப்படித் தெரியலீங்களே. கணக்குல பாதிப் பேரு பின்னால நிக்கறாங்க. இந்தப் பீரியட கணக்குக்குக் குடுத்தா நாலு பேரு தேறுவாங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு படி இறங்கி வந்தார். "ஓணம் லீவுக்கு முன்னால பெத்தவங்க கூட்டம் இருக்குதுங்க. அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் பசங்க இந்த நாவலப் பத்திப் பேசட்டும். பேசுனா வச்சுக்கோங்க. இல்லீன்னா கணக்குத்தானுங்க."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் கூடுதலாக எரிந்தது.

என்னென்னவோ செய்து பார்த்தேன். இரண்டு அணியாகப் பிரித்தேன். இரண்டு அணியும் மாறி மாறி ஆமென் சொன்னது. பயிற்சி முகாமில் எங்களுக்குச் சொல்லித் தந்தபடி வட்டமாக உட்கார வைத்தேன். வட்டம் பெரிதாக இருந்ததால் எதிரில் இருப்பவர் பேசியது கேட்கவில்லை. முகாமில் பாடம் எடுத்தவரை மனதுக்குள் திட்டினேன்.

ஒரு நாள் காலை பஸ் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பம் ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்பை மறித்து ஏறினேன். பின்னால் எதிரெதிராக இரண்டு நீளப் பலகை. முழங்காலும் முழங்காலும் இடிக்கும். ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள் மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ஒருத்தி வர இரண்டு நிமிடம் தாமதமானதால் டிரைவர் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ஜீப் முழுக்க அதுதான் பேச்சு.

"அவ என்ன வேணும்னா பிந்துனா? புள்ளைக்குக் காய்ச்சலுடி."

"புள்ளைக்குக் காய்ச்சல்னா ஒரு போனு போட்டுருக்கலாம்ல? நமக்கெல்லாம் வீட்டுல புள்ள இல்லியா?"

"ஒனக்கென்ன, மாமியா ஆக்கி வச்சிர்றா. நீ பொட்ட வச்சிட்டு ஏறிர்ற."

"எம் மாமியா ஆக்குறத நீ ஒரு நா தின்னு பாரு. அப்புறம் பேசு."

டிரைவர் முன்னாலிருந்து கத்தினார். "ஏத்தா, அவளுக்கு நின்னா நாளைக்கி எல்லாருக்கும் நிக்கணும். அப்ப தோட்டத்துல என்னையத்தான் வைவாக."

"ஒங் கொழுந்தியான்னா நிக்க மாட்டியாக்கும்?"

ஜீப் குலுங்கச் சிரித்தார்கள். ஒருத்திகூட எழுந்து நிற்கவில்லை. நிற்கவும் முடியாது, தலை இடிக்கும். எதிரில் இருப்பவள் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் யாராலும் தப்பிக்க முடியவில்லை, முகம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. இறங்கும்போது சண்டை போட்ட இரண்டு பேரும் ஒருத்தி தூக்குவாளியை ஒருத்தி வாங்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் இவ்வளவு நன்றாக விவாதிக்கிறார்கள், நான் முகாமில் படித்ததை வைத்து மாரடித்துக்கொண்டிருக்கிறேன்!

அன்றைக்கே வகுப்பில் பெஞ்சுகளை எதிரெதிராக, முழங்கால் இடிக்கப் போட்டேன். "இது ஜீப்பு. கம்பத்துல கெளம்பிருச்சு. பேசுங்க" என்றேன். சட்டம் மூன்று. எழுந்து நிற்கக் கூடாது. எதிரில் இருப்பவர் சொன்னதற்குப் பதில் சொன்ன பிறகுதான் தன் கருத்து. என்ன சொன்னாலும் நாவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். முன்னால் ஒரு பெண்ணை டிரைவராக உட்கார வைத்தேன். சொன்னதையே திருப்பிச் சொல்கிறவரை அவள் இறக்கிவிடலாம்.

முதல் ஐந்து நிமிடம் வெறும் சிரிப்பு. அப்புறம் ஒருவன் "அந்தாளுக்கு வீம்புடி" என்றான். எதிரில் இருந்தவள், "வீம்பில்ல, கண்டிப்பு. வீம்புன்னா அவரு எதுக்கு கேட்டப் புடிச்சிட்டு அழுவுறாரு? பக்கத்தத் திருப்புடா" என்றாள். அவன் திருப்பினான். வீம்புக்கும் கண்டிப்புக்கும் வித்தியாசம் சொல்ல எனக்கு ஒரு பீரியட் ஆகியிருக்கும்.

பெற்றோர் கூட்டத்து அன்று கூடத்தில் பெஞ்சுகளை ஜீப் மாதிரி எதிரெதிராகப் போட்டோம். அம்மாக்களும் சில அப்பாக்களும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஹெட்மாஸ்டர் முன்வரிசையில். பிள்ளைகள் ஜீப்பில். 'அவர் செய்தது சரியா?' என்றேன். அந்த முன் பெஞ்சுப் பெண் வரிசையாக உட்கார்ந்திருந்த பெரியவர்களைப் பார்த்தாள். எழுந்தாள். கைகளைக் கட்டினாள்.

"எல்லாருக்கும் தோத்திரம்."

பெற்றோர் எல்லாரும், "தோத்திரம்."

போச்சு, கணக்குதான் என்று நினைத்தேன். அப்போது டிரைவர் பெண் திரும்பி அதட்டினாள். "ஏ, தல இடிக்கும், ஒக்காருடி! வண்டி ஓடுதுல்ல?"

பின்வரிசையில் ஒரு அம்மா சத்தமாகச் சிரித்தார். எழுந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சரி. அவரு செஞ்சது தப்பு. எட்டிப் பாத்தாரு, ரயிலக் காணோம். அம்பத்திரெண்டாம் பக்கம்" என்றாள்.

"காணோம்னா வராதா? மழைக்காலத்துல நம்ம ரோட்டு வளைவுல பஸ்ஸு கண்ணுக்குத் தெரியுதா? தெரியலன்னு நடு ரோட்டுல நிப்பியா?" என்றான் எதிரில் இருந்தவன்.

பிடித்துக்கொண்டது. பிறகு அது நிற்கவே இல்லை. இறுமாப்புக்காகப் பள்ளிக்கு வந்த அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "பெத்த மக அந்தப் பக்கம் துடிக்கிறா. அந்த மனுசன் எம்புட்டுப் பரிதவிச்சிருப்பாரு! அதைய யாருமே பேச மாட்டேங்கியளே!"

பரிதவிப்பு. நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

ஹெட்மாஸ்டருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. "சட்டம்னா சட்டந்தானுங்க. தெறந்து விட்டிருந்தா அந்தாளு வேலைக்கே லாயக்கில்ல."

டிரைவர் பெண் மரியாதையாகக் கேட்டாள். "எந்தப் பக்கம் சார்?"

"பக்கமா? பொதுவாச் சொல்றனுங்க, சட்டம்னா சட்டம்."

"ஒருக்காச் சொல்லிட்டீங்க சார். எறங்கிக்கங்க."

கூடம் சிரிப்பில் வெடித்தது. ஹெட்மாஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது. பிறகு எழுந்து, கையை நீட்டி, என் கையில் இருந்த பிரதியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் நாவல் பீரியட். பெஞ்சுகளை எதிரெதிராகப் போட்டு முடித்த நேரம் அவர் வாசலில் வந்து நின்றார், கக்கத்தில் புத்தகம்.

"என்ன சார், கணக்கா?" என்றேன். என் குரலில் மரியாதை குறைவாகத்தான் இருந்திருக்கும்.

"கணக்க சாயங்காலம் நானே எடுத்துக்கறனுங்க. ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ள கடைசில அப்பங்காரன்கூடப் பேசறாளுங்களா?"

"படிச்சுப் பாருங்க சார்."

"எழுவதாம் பக்கத்துல இருக்கறனுங்க. அதுக்குள்ள எனக்கொரு கேள்வி."

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் பெண் பின்னால் திரும்பினாள்.

"ஏ, நெருங்கி ஒக்காருங்கடி, சார் ஏறணும்."