கடை கண்டால் நிற்கும் மாடுகள்

1973 ஏப்ரல் 12, வியாழக்கிழமை, காலை ஐந்து இருபது. மேகம் இல்லை, காற்றும் இல்லை. கடலோரத்திலேயே மூச்சு முட்டும் புழுக்கம். குலசேகரன்பட்டினத்தில் எங்கள் வீட்டில் மனைவிக்கு வலி கண்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முந்தைய பிள்ளையை அதே வீட்டில், அதே கட்டிலில் இழந்திருந்தோம். இந்தப் பிள்ளையைத் திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில்தான் பெறவேண்டும் என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

திருச்செந்தூர் வழியாகத் தூத்துக்குடி போகும் முதல் பஸ் அச்சு முறிந்து உடன்குடியிலேயே நின்றுவிட்டது. ஊரிலிருந்த ஒரே வாடகைக் கார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. கிடைத்தது கருப்பட்டி ஏற்றும் மாட்டு வண்டி. வண்டிக்காரர் குடிப்பார். மதுவிலக்கை எடுத்த பிறகு அந்த வழியில் மூன்று கள்ளுக்கடைகள் வந்திருந்தன. நான் மிஷன் பள்ளி ஆசிரியன். எங்கள் சபையில் சத்தியம் கேட்பதே தப்பு. பயத்தில் அதையும் மறந்து, "திருச்செந்தூர் போய்ச் சேருமட்டும் எந்தக் கள்ளுக்கடையிலும் கால் வைக்கமாட்டேன்னு முத்தாரம்மன் மேல சத்தியம் பண்ணும்" என்றேன்.

"வேண்டாம் சார்வாள், வழியில நீங்கதான் சங்கடப்படுவீய" என்றார். நான் விடவில்லை. சத்தியம் செய்தார்.

முன்பு சின்ன ரயில் ஓடிய மண்மேட்டில் வண்டி போனது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாலங்கள் இருந்த இடமெல்லாம் பள்ளம். வண்டி இறங்கி ஏறும்போதெல்லாம் என் மனைவி பல்லைக் கடித்தாள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையே நான் மனசுக்குள் எண்ணினேன். முதலில் முந்நூறு வரை எண்ண முடிந்தது. பிறகு இருநூற்றைம்பது.

கூரை போன பழைய ஸ்டேஷன் சுவரை ஒட்டி ஓலை வேய்ந்த முதல் கடை. மாடுகள் தாமாகவே நின்றன. சாட்டைக்கும் அசையவில்லை, வாலை முறுக்கியும் அசையவில்லை.

"என்ன ஓய் இது?"

"இதுகளுக்குக் கடைக்குக் கடை ஒரு வாளி கள்ளு அடிமண்டி ஊத்துறது வழக்கம் சார்வாள். குடிக்காம நகராது. நான் உள்ள போகமுடியாது, சத்தியம் வாங்கிட்டீய."

வண்டிக்குள்ளிருந்து மனைவி, "போங்களேன், போய் வாங்கிட்டு வாங்களேன்" என்று கத்தினாள்.

வாளியோடு உள்ளே போனேன். பெஞ்சில் ஆறு பேர். ஒருவன் என் பள்ளிப் பையனின் தகப்பன். "ஏலே, எந்திரிச்சு நில்லுல, சார்வாள் வாராவ! ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல கள்ளு பாவம், வியாழக்கிழமைன்னா வாளி நெறையவா?" என்றான். சிரிப்பில் ஓலை அதிர்ந்தது. நான் எண்ணிக்கொண்டே வாளியை நீட்டினேன். நூற்றெண்பது எண்ணுவதற்குள் வெளியே அவள் குரல் கேட்டது.

"மாட்டுக்குத்தான். சீக்கிரம் ஊத்துங்க அண்ணாச்சி" என்றேன். கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். வண்டியில் என் மனைவி கிடந்த கோலத்தைக் கண்டதும், "வாய மூடுங்கல" என்று பெஞ்சை அதட்டினார்.

குடித்த மாடுகள் வேகமெடுத்தன. இப்போது வேறு பயம்: மேட்டிலிருந்து வண்டியைக் கவிழ்த்துவிட்டால்? வலது பக்கம் சரிவு, அதன் கீழே கடல்மணல். இரண்டாம் கடையில் மாடு நிற்குமுன்பே குதித்தேன். மூன்றாம் கடைக்கு வாளியோடு முன்னால் ஓடினேன். திரும்பி வந்து எண்ணத் தொடங்கியபோது அறுபதுகூட வரவில்லை. அவள் என் கையை விட்டுவிட்டு வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் எண்ணத் துணியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நர்சுகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. முந்தைய பிள்ளையும் அழவே இல்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு கீச்சுக்குரல். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

வண்டி வாடகை பத்து ரூபாய், மூன்று வாளி மண்டிக்குத் தொண்ணூறு பைசா, ஆயாவுக்கு இரண்டு ரூபாய், சத்தியம் முடிந்த வண்டிக்காரர் குடிக்க ஒரு ரூபாய். மொத்தம் பதின்மூன்று ரூபாய் தொண்ணூறு பைசா.