திருப்பி மாட்டிய சார்ட்

1. முதல் நாள்

அமீரகத்தில் அல் ஐன் ஊரில், அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் கண் பவர் சோதிக்கும் ரெஃப்ராக்‌ஷனிஸ்டாகச் சேர்ந்த அன்று, என் சர்டிபிகேட்டுகளை டாக்டர் மிலேனா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ரூம்லேர்ந்து இங்க வர எத்தனை ரவுண்டானா?" என்று கேட்டார். நான் விழித்தேன். "கண்ணு டிபார்ட்மெண்ட்ல வேலை பாக்குறவன் கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு வரணும் சுந்தர். போ, டிரையல் லென்ஸ் பெட்டியைத் துடை," என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம், அரபி, கொஞ்சம் இந்தி எல்லாம் கலந்த ஆஸ்பத்திரி பாஷை. நான் தமிழில் எழுதுகிறேன். கோபம் மட்டும் அவருக்குச் சொந்த மொழியான செர்பியனில் வரும். அது எங்களுக்குப் புரியாததால் யாரும் வருத்தப்பட்டதில்லை.

டாக்டர், ஐரோப்பாவில் டான்யூப் நதிக்கரையில் ஒரு சின்ன ஊர்க்காரர். அங்கே சண்டை மூண்டு, டாக்டர் சம்பளத்தில் ரொட்டிகூட வாங்க முடியாமல் போன சமயத்தில், வயதான அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வளைகுடாவுக்கு வந்தவர். வாரம் ஒருமுறை ரிசப்ஷன் போனில் அம்மாவிடம் பேசுவார். வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று சிகரெட் பிடிப்பார். அப்போது நாங்கள் ஃபைலோடு பக்கத்தில் போக மாட்டோம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் கண்புரை என்றால் பெரிய வெட்டு, தையல், ஒன்றரை மாதம் ரெஸ்ட். சின்னத் துளை வழியே புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேக்கோ முறையை டாக்டர் வியன்னாவில் கற்றிருந்தார். மேனேஜ்மெண்டோடு மல்லுக்கட்டி மெஷினையும் வாங்க வைத்துவிட்டார். மெஷின் வந்தது, பேஷண்ட்தான் வரவில்லை. விஷயத்தைக் கேட்டதும் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "மொதல்ல வேற யாருக்காவது பண்ணுங்க டாக்டர்." மெஷின் துணி போர்த்திக்கொண்டு தியேட்டர் மூலையில் நின்றது.

2. நான் செய்த உபகாரம்

காதர் பாய் கீழக்கரைக்காரர். தண்ணீர் டேங்கர் ஓட்டினார். வெள்ளிக்கிழமை அவர் ரூமில் பிரியாணி என்றால் என்னைக் கூப்பிடாமல் சட்டியைத் திறக்க மாட்டார். ஒரு நாள் டீக்கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நாளைக்கு உங்க ஆஸ்பத்திரியில லைசென்ஸ் மெடிக்கல். இடது கண்ணுல புகை மூட்டமா இருக்கு. ஃபெயிலாயிட்டா விசா குடுத்த கஃபீல் அன்னைக்கே கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாரு. தையல் போட்டு ஒன்றரை மாசம் படுத்தாலும் அதே கதிதான்."

"வலது கண்ணு?"

"அது ராஜா கண்ணு."

ஒரு கண் நன்றாக இருக்கிறதே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். கண் சோதிக்கும் எங்கள் எழுத்து சார்ட்டின் கடைசி மூன்று வரிகளைச் சொன்னேன். சிகரெட் அட்டையில் தமிழில் எழுதிக்கொண்டார்: எஃப், இசட், பி, டி... ஊர்க்காரருக்கு ஒத்தாசை செய்த திருப்தியோடு தூங்கினேன்.

மறுநாள் காதர் பாய் நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டரே உள்ளே வந்தார். டார்ச்சை அடித்து இரண்டு கண்களையும் பார்த்தார். அவரைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சுவருக்குப் போய், ஆணியிலிருந்து சார்ட்டைக் கழற்றி வெள்ளைப் பின்பக்கம் தெரியும்படி மாட்டினார். காதர் பாயின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"இப்பக் கண்ணைத் தொறந்து கடைசி வரி படிங்க."

"எஃப், இசட், பி, டி," என்று கணீரென்று தொடங்கி முடித்தார் காதர் பாய்.

டாக்டர் திரும்பி என்னைத்தான் பார்த்தார். வெளியே வராந்தாவுக்கு வரச் சொன்னார்.

"நீ தானே?"

"ஆமா டாக்டர். அவரு வேலை போயிரும்னு..."

"இந்த ஊர் ரவுண்டானாவுல வண்டி எந்தப் பக்கம் இருந்து வரும்?"

"இடது பக்கம்."

"அதை யாரு அவருக்குச் சொல்லிக் கொடுப்பா?"

வேலை போனது என்றுதான் நினைத்தேன். அவர் சிகரெட்டைப் பற்றவைத்தார். "எங்க அம்மாவும் இப்படித்தான் ஒப்பிக்கிறாங்க. 'எல்லாம் இருக்கு, நீ கவலைப்படாதே'ன்னு வாராவாரம். இன்சுலின் இருக்கான்னு கேட்டா அதுக்கும் இருக்குன்னுதான் பதில். நானும் கேட்டுட்டு போனை வெச்சுடுறேன்." சாம்பலைத் தட்டினார். பிறகு, "அவரை பேக்கோவுக்குக் கேளு. இந்த மெஷின்ல இங்க மொத ஆள் அவருதான், புரை முத்தியிருக்கு, கஷ்டமாகலாம். கஷ்டமானா தையல் போடவேண்டி வரும். அத்தனையும் சொல்லணும். எதையும் முழுங்கக்கூடாது," என்றார்.

நூறு பேருக்கு நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"நேத்து எழுத்தைச் சொன்னப்ப என் மூஞ்சியைப் பாக்காம சொன்னே தம்பி. இன்னைக்குப் பாத்துச் சொல்றே. சரி, பண்ணச் சொல்லு."

டாக்டர் கஃபீலுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் சத்தம் பலமாகவே கேட்டது. கடைசியில் கஃபீல், "இரண்டு வாரம். அப்புறம் கலாஸ், வேலை முடிஞ்சது," என்று வைத்துவிட்டார்.

3. ஆணி

தியேட்டரில் என் வேலை காதர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, நடப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததே தவிர அவர் விழித்துத்தான் இருந்தார். பாதியில் மெஷினின் சத்தம் மாறியது. டாக்டர் செர்பியனில் ஏதோ முணுமுணுத்தார். "என்ன தம்பி?" என்றார் காதர் பாய். "புரை கெட்டியா இருக்கு பாய். டாக்டர் நிதானமாப் போறாங்க," என்றேன். அவர் பிடி இறுகியது, ஆனால் தலை அசையவில்லை. தையல் இல்லாமலே முடிந்தது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் டாக்டர் மறுபடி சார்ட்டைத் திருப்பி மாட்டினார். வலது கண்ணை மூடினார்.

"படிங்க."

காதர் பாய் வாயைத் திறந்தார், மூடினார். கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"டாக்டர், அதுல ஒண்ணும் எழுதலையே. மேல ஒரு ஆணி இருக்கு. ஆணி லேசாத் துருப்பிடிச்சிருக்கு."

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் உள்ளங்கையை எடுக்க மறந்து அப்படியே நின்றார். பிறகு நேராக ரிசப்ஷனுக்குப் போய் ஊருக்கு போன் போட்டார். அது அவர் போன் பேசும் நாளே கிடையாது. அந்த மொழி தெரியாத எனக்கும், ஒரே கேள்வியை அவர் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்பது தெரிந்தது. அரை மணி நேரம் கழித்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சுந்தர், இன்சுலின் இல்லையாம். தீர்ந்து மாசமாச்சாம்," என்றார். அந்த வாரமே லீவு போட்டு, பை நிறைய மருந்தோடு போனார்.

திரும்பி வந்து பல வருடங்கள் எங்களோடு இருந்தார். அந்த மெஷினுக்குத் துணி போர்த்த நேரமே இல்லாமல் போனது. காதர் பாய் கெடுவுக்குள் மெடிக்கல் பாஸாகி டேங்கரை ஓட்டிக்கொண்டிருந்தார். ரவுண்டானாவில் என்னைக் கண்டால் ஹாரன் அடிப்பார்.

நான் ரிட்டயர் ஆகும் வரை எந்த ஊரில் வேலை பார்த்தாலும் சார்ட்டின் வெள்ளைப் பக்கத்தைத்தான் முதலில் காட்டினேன். "ஒண்ணும் தெரியலையே சார்" என்று அவர்கள் பயமில்லாமல் சொன்ன பிறகுதான் சார்ட்டைத் திருப்புவேன்.