பொரிச்சிக் கொட்டு

எங்கள் பக்கத்தில் வடவம் என்றால் அது தாளிக்கிற வடவம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் சேர்த்து, நாள் கணக்கில் வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வைப்பார்கள். கீரையோ மீன் குழம்போ இறக்குகிற நேரத்தில் அதிலிருந்து கொஞ்சம் கிள்ளி, எண்ணெயில் பொரித்து மேலே கொட்டுவது வழக்கம். திண்டுக்கல் பக்கத்தில் வடகம் என்றால் வேறு. அரிசிக் கூழைக் காய்ச்சிப் பிழிந்து காயவைத்து, அப்பளம் மாதிரி பொரித்துக் கடித்துக்கொள்வது. இந்த இரண்டும் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒருநாள் மோதிக்கொண்டன. நான் ஒரு வார்த்தையை முழுங்கியதால் வந்த வினை அது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதின்மூன்று வயது. வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பட்டாளத்தில் இருந்த என் அண்ணன், கூட இருந்த சிநேகிதனின் தங்கையைப் பிடித்துப்போய், திண்டுக்கல் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தான். அம்மாவோ ஏம்பலத்தில் இருந்த தன் தம்பி மகளை மனசுக்குள் மருமகளாக்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதற்காகக் கல்யாணத்தைத் தடுக்கவில்லை, சண்டையும் போடவில்லை. வந்தவளை மருமகள் என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "அவன் பொண்டாட்டி சாப்ட்டாளா கேளு", "அவன் பொண்டாட்டிகிட்ட தண்ணி காயுதான்னு பாக்கச் சொல்லு". எல்லாம் அப்படித்தான். லீவு முடிந்து அண்ணன் போய்விட்டான். அவன் பொண்டாட்டி எங்களோடு இருந்தாள்.

சித்திரையில் அக்காவுக்கு மூன்றாவது பிரசவம் என்று அம்மா சிதம்பரத்துக்குப் போனாள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அப்பா காலையில் கரும்புக் கொல்லைக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவார், வந்தாலும் பேச மாட்டார். ஆக, ஒரு மாசத்துக்கு அடுப்படி எங்கள் இரண்டு பேர் ராஜ்ஜியம்.

அண்ணிக்கு அப்போது இருபது வயசு. என்னைப் "பாப்பா" என்று கூப்பிடுவாள். முதல் வாரம் நான் சுட்ட கருவாட்டோடு கேழ்வரகுக் கூழைக் கொடுத்தபோது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நாலாம் நாள் அவளே "அந்தக் கருவாடு இன்னும் இருக்கா பாப்பா?" என்று கேட்டாள். பூரணாங்குப்பத்திலிருந்து கூடையோடு வருகிற மீன்காரம்மாவிடம் நான் நண்டு வாங்கினேன். அதில் ஒன்று தப்பித்து அம்மிக்குப் பின்னால் ஓட, அண்ணி விறகு அடுக்கின் மேல் ஏறி நின்றுகொண்டாள். ஏரி மீனைத் தவிர வேறு எதையும் பார்க்காதவள். ஆனால் மாங்காயை அடுப்புத் தணலில் சுட்டு, தோலை உரித்து, வெல்லமும் பச்சைமிளகாயும் வைத்துப் பிசையலாம் என்று எனக்குக் காட்டியவள் அவள்தான். அதைத் தின்ற நாளிலிருந்து அவள் என்ன சொன்னாலும் கேட்டேன். என்னை விலைக்கு வாங்க அவ்வளவு போதும்.

அம்மா வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஏம்பலத்து மாமாவும் மாமியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். யாருடைய மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டுமோ, அதே மாமாவும் மாமியும். அண்ணிக்குக் கைகால் ஓடவில்லை. சோறு வடித்தாள், முருங்கைக்கீரைக் குழம்பு வைத்தாள். உறியிலிருந்து அம்மாவின் வடவப் பானையை இறக்கி வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"பாப்பா, இந்த வடகத்தை என்ன செய்யணும்?"

நான் வாசலில் காத்திருந்த கூட்டாளிகளிடம் ஓடுகிற அவசரத்தில் இருந்தேன். வாயில் பெரிய மாங்காய்த் துண்டு. "பொரிச்சிக் கொட்டு" என்றுதான் சொல்ல நினைத்தேன். மாங்காயைத் தாண்டி "பொரிச்சி" மட்டும்தான் வெளியே வந்திருக்க வேண்டும்.

"எத்தனை?" என்றாள்.

"இன்னா அண்ணி எத்தன? வேணுன்றத எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆளுக்கு நாலு என்று அவள் கணக்குப் பண்ணியிருக்கிறாள். முதல் உருண்டை எண்ணெயில் விழுந்ததும் உதிர்ந்து கருகியது. எண்ணெய் காயவில்லை என்று நினைத்து விறகைத் தள்ளியிருக்கிறாள். அடுத்ததும் உதிர்ந்தது. புது இடம், இவர்கள் வடகம் இப்படித்தான் போலிருக்கிறது என்று, எண்ணி எடுத்ததில் மீதியையும் போட்டுவிட்டாள். நான் தெருமுனையில் இருந்தேன். அந்த நெடி அங்கே வந்து என் தொண்டையைப் பிடித்தது. வீட்டுக்குள் ஓடி வந்து பார்த்தால், இலையில் குழம்புச் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி கரிப்பொடி.

மாமி அதை விரலால் நகர்த்திப் பார்த்தாள். "இன்னாடி இது. வருசத்துக்கும் வச்சிருந்த வடவத்த அப்பளமாட்டம் பொரிச்சி வச்சிருக்கா ஒங்கண்ணி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, இப்போது நினைத்தாலும் பிடிக்கவில்லை. அப்பா அந்தக் கரிப்பொடியைச் சோற்றில் பிசைந்து முழுக்கச் சாப்பிட்டார். கிளம்பும்போது மாமி என் கன்னத்தைக் கிள்ளி, "ஒங்கம்மா வரட்டும்டி" என்றாள்.

பானைக்குள் பார்த்தேன். அடியில் ஐந்தாறு உருண்டைகள் கிடந்தன.

"என்னைய ஊருக்கு அனுப்பிருவாகளா பாப்பா?" என்று அண்ணி கேட்டாள். அழாமல் கேட்டாள், அதுதான் பயமாக இருந்தது. ஒரு பானை வடவத்துக்காக யாரும் யாரையும் அனுப்ப மாட்டார்கள் என்று பெரியவளாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கும் அது நிச்சயமாகத் தெரியவில்லை. அம்மா திட்டுகிறவளாக இருந்தாலாவது தேவலை. அவளோ பேச்சைக் குறைத்துவிடுகிறவள். இருக்கிற இரண்டு வார்த்தையையும் குறைத்துவிட்டால் அண்ணி அந்த வீட்டில் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்?

மறுநாள் சாயங்காலம் அப்பா சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு சின்ன வெங்காயத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். "நல்ல வெங்காயமா கெடச்சுது" என்று சொல்லி உரலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, கால் கழுவப் போய்விட்டார்.

வெங்காயம் உரித்தால் கண்ணீர் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணி முதல்நாள் ராத்திரியே அழ ஆரம்பித்திருந்தாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி இடித்தோம். அளவு எதுவும் எனக்குத் தெரியாது. அம்மா இரண்டு கையாலும் அள்ளிப் போட்டது மட்டும் ஞாபகம் இருந்தது, அம்மாவின் கை பெரிதா அண்ணியின் கை பெரிதா என்று அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் அண்ணி ஒரு கொத்துக் கறிவேப்பிலையை உருவி உரலில் போட்டாள்.

"இன்னா அண்ணி, வடவத்துல போய் இத யாராவது போடுவாங்களா?"

"நல்லாருக்கும் பாப்பா" என்றாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் உறுதியாகச் சொன்ன முதல் வார்த்தை அது என்று நினைக்கிறேன். விட்டுவிட்டேன்.

காலையில் ஓலைப்பாயில் பரப்புவோம். சாயங்காலம் வாரிப் பிசைந்து உருட்டி மூடுவோம். மறுநாள் உதிர்த்து மறுபடி பரப்புவோம். நடுவில் ஒருநாள் மேகம் கட்டியபோது, மழை வேண்டாம் என்று சாமியைக் கும்பிட்ட ஒரே விவசாயி வீட்டுப் பெண் நானாகத்தான் இருப்பேன். எட்டாம் நாள் உருண்டைகள் கல்லு மாதிரி ஆயின. விளக்கெண்ணெய் தொட்டுப் பானையில் அடுக்கினோம். பார்க்க அம்மாவின் உருண்டை மாதிரியேதான் இருந்தன. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றேன் நான்.

அண்ணி கேட்கவில்லை. அம்மா வந்து பையைக் கீழே வைப்பதற்குள் எதிரே போய் நின்றாள். "அத்தை, நீங்க வச்சிட்டுப் போன வடகத்தை நான் தெரியாம பொரிச்சிட்டேன். இது நாங்க புதுசா போட்டது."

அம்மா அவளையே பார்த்தாள். "பொரிக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல அத்தை."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என் வாயில் மாங்காய் இல்லை. இருந்தும் பேச்சு வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா ஒரு உருண்டையை உடைத்து மோந்து பார்த்தாள். அன்றைக்கு அவளே கீரை கடைந்து, அதிலிருந்து கிள்ளிப் பொரித்துக் கொட்டினாள். சாப்பிட்டு முடித்த பிறகு, "கறிவேப்பில போட்டது யாரு?" என்று கேட்டாள். "நான்தான்" என்றாள் அண்ணி. அம்மா கை கழுவ எழுந்துவிட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று நாள் அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் அப்பா பிள்ளையைப் பார்க்கச் சிதம்பரத்துக்குக் கிளம்பினார். அம்மா பழைய வேட்டித் துணியைக் கிழித்து, பானையிலிருந்து பத்து உருண்டைகளை எடுத்து வைத்து முடிச்சுப் போட்டாள். "பெரியவகிட்ட குடுங்க. எம் மருமவ உருட்டுனதுன்னு சொல்லுங்க. கறிவேப்பில போட்டுக்கீறா, வாசன நல்லாகீது" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "பொரிக்கச் சொன்னது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்டி" என்றாள் அம்மா, முடிச்சை இறுக்கிக்கொண்டே. "மாங்காய வாயில வச்சிக்கினு கொட்டுன்றத முழுங்கியிருப்ப. ஒன்ன எனக்குத் தெரியாதா."

அப்பாவை வழியனுப்ப அம்மா வாசலுக்குப் போனாள். அடுப்படியிலிருந்து அண்ணி கையெல்லாம் மாவோடு வந்து என் தோளைப் பிடித்தாள்.

"பாப்பா, அத்தை இப்ப என்ன சொன்னாக?"

"அக்காவுக்கு வடவம் குடுத்தனுப்பறாங்க."

"அது இல்ல. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னாகள்ல."

அவளுக்குக் கேட்டிருந்தது. என் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஓடவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, இந்தத் தடவை எதையும் முழுங்காமல் சொன்னேன். "எம் மருமவ உருட்டுனது."